பலகை சபையான வரலாறு

சார்ள்ஸ் டிக்கின்ஸ் 1837 ஆம் ஆண்டு தொடங்கி 1839 வரை சஞ்சிகையொன்றிற் பகுதி பகுதியாக எழுதிய 'ஒலிவர் துவிஸ்ற்' என்னும் நாவலின் தொடக்கத்திலே ஒரு சிறு காட்சி வருகின்றது. வறியோர் இல்லமொன்றிற் பிறந்து, பிறந்தபோதே தாயையும் இழந்து, ஒன்பது வயதெய்திய சிறுவன் ஒருவனைப் பங்குச் சேவகன் ஓர் அறைக்குள் இழுத்துச் சென்று, 'போட்'டை வணங்குமாறு கட்டளையிடுகின்றான். போட் என்பது யாது என அச்சிறுவன் அறியான். அறையிலே கொழுத்த கனவான்கள் எண்மரோ பதின்மரோ ஒரு மேசையைச் சுற்றி வீற்றிருக்கின்றனர். மேசையைத் தவிரப் பலகை என்று சொல்லத்தக்கது வேறெதுவும் அங்கே இல்லை. சிறுவன் மேசையைப் பார்த்து வணக்கஞ் செய்கின்றான். அதுவே போதுமானதாயிற்று.

இவ்விடத்தைப் படிப்போர் சிறுவனின் பேதைமையை எண்ணி நகைப்பர். ஆயினும், சொல்லின் வரலாற்றை நோக்கின் அவன் செய்ததிற் பிழை யாதுமில்லை. போட் என்பது முதலிற் பலகை, பின்னர் மேசை, அதன் பின்னரே மேசையைச் சுற்றி இருந்தோர். மூன்று நிலைகளுள் நடுநிலையை அவன் வணங்கினான். மரத்துண்டு ஒன்றின் பெயர் மனிதர் கூட்டத்துக்கும், அக்கூட்டத்தின் அதிகாரத்துக்கும் ஆகிவந்த வழி ஆங்கிலேயரின் சமுதாய வரலாற்றினூடாகவே செல்கின்றது. இலங்கையிலும் பள்ளிக்கூடம் முதலாகச் சட்டசபை ஈறாகப் பல இடங்களில் அச்சொல் தன் சுவட்டைப் பதித்துள்ளது.

பழைய ஆங்கிலத்திலே இவ்வடிவம் கொண்ட சொற்கள் இரண்டு இருந்தன என மொழிநூலார் கூறுவர். ஒன்று பலகையைக் குறித்தது. மற்றொன்று விளிம்பை, சிறப்பாகக் கப்பலின் பக்கத்தை, குறித்தது. ஒலியால் ஒன்றாயிருந்த இவ்விரண்டும் காலப்போக்கிற் கலந்து ஒரே சொல்லாயின. இக்கலப்பை அறியாதார்க்கு இச்சொல்லின் பிற்காலப் பொருள்கள் பலவும் பொருத்தமற்ற ஒரு குவியலாகவே தோன்றும். பலகையைக் குறித்த சொல், பலகையாற் செய்த கேடயத்தையும் குறித்தது. 991 ஆம் ஆண்டில் நிகழ்ந்த மோல்டன் போரைப் பாடிய பழம்பாடலிலே கேடயத்துக்கு இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. வீரர் தம் கேடயங்களை நெருங்க நிறுத்தி அமைத்த அரண் பலகைச் சுவர் எனப்பட்டது. இப்பொருள் போர்முறை மாறியதும் வழக்கொழிந்து போயிற்று.

மேசை என்னும் பொருள் நிலைத்தமைக்குக் காரணம் அக்காலத்து வீட்டமைப்பாகும். இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் மாளிகையிலே பெருங்கூடம் ஒன்றே எல்லாவற்றுக்கும் இடம். அங்கேயே வழக்குத் தீர்த்தனர், அங்கேயே உண்டனர், ஏவலாளர் பலர் இரவில் அங்கேயே உறங்கினர். ஆதலின் உணவு வேளையிற் கால்தாங்கிகளை நிறுத்தி அவற்றின்மேல் நீண்ட பலகைகளைப் பரப்புவர். உண்டு முடிந்ததும் பலகைகளைக் கழற்றிச் சுவரோரம் சாத்துவர். மேசை என்று நிலையாக ஒரு பொருள் பெரும்பாலும் இல்லை, பலகையே மேசை. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலே கவிஞர் சோசர் தம் கதைமாந்தருள் ஒருவனாகிய நிலக்கிழானின் கூடத்தில் எந்நேரமும் அகற்றப்படாத மேசை ஒன்று இருந்ததெனக் குறிப்பிடுவது அவனுடைய செல்வத்தையும் விருந்தோம்பலையும் உணர்த்துதற்காகவே. கிண்ணங்கள் வைக்கும் தட்டாகிய பலகை, கதவு பெற்று அறையுடைய பெட்டகமான பின்னரும் 'கிண்ணப்பலகை' என்னும் தன் பழம்பெயரை விடவில்லை. ஆங்கிலேயர் அதனைக் 'கபட்' எனச் சுருக்கி ஒலிப்பதால் உள்ளே கிண்ணமும் பலகையும் மறைந்திருத்தல் மாணவர்க்குப் புலனாவதில்லை. யாழ்ப்பாணத்தார் அப்பொருளுக்குப் போர்த்துக்கேயரிடமிருந்து பெற்ற அலுமாரி என்னும் சொல்லையே போதுமெனக் கொண்டனர்.

பலகை மேசையாயின், மேசைமேல் வைக்கப்படும் சோறும் பலகையே. உணவளித்துப் பேணுதல் என்னும் பொருள் இவ்வாறு பிறந்தது. 'படுக்கையும் பலகையும்' என்னும் ஆங்கிலத் தொடர் இல்லறத்தையே குறித்தது. திருமண உறவு முற்றாக அறாமற் கணவனும் மனைவியும் பிரிந்து வாழத் திருச்சபை நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்பு, படுக்கையிலிருந்தும் பலகையிலிருந்தும் விலக்கும் தீர்ப்பு எனப்பட்டது. 1857 ஆம் ஆண்டின் திருமண வழக்குச் சட்டமே அதனை மாற்றி, நீதிமன்றப் பிரிவு என்னும் புதிய பெயரை வழங்கிற்று.

உண்ணவும் உறங்கவும் இடமளிக்கும் பாடசாலையும் இப்பொருளின் வழியது. அமெரிக்க மிசனரிமார் 1824 ஆம் ஆண்டில் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய பாடசாலை ஒன்றை நிறுவினர். அக்காலந் தொடங்கி 'போடிங்' என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிற் கலந்துவிட்டது. போடிங்கிலே சேருதல் என்றால் உணவுப் பலகையிற் சேருதல் என்பதே அதன் வேர்ப்பொருள். அப்பொருளைப் பெற்றோர் அகராதி பார்த்து அறிந்திலர்; ஆயினும் அதன் உட்கருத்தை அவர்கள் நன்கு உணர்ந்திருந்தனர். பாடத்தில் யாது கற்பிக்கப்படுகின்றது என்பதைவிட, சமைப்பவர் யார், பிள்ளை யாருடன் இருந்து உண்ணும் என்பனவே அவர்களை மிகுதியும் வருத்திய வினாக்கள். இங்கிலாந்திலும் மேடைமேலிட்ட உயர்பலகையில் இருந்து உண்பவர் யார், உப்புச்சாடிக்குக் கீழே இருப்பவர் யார் என்பதிலே தான் மதிப்பும் அவமதிப்பும் அடங்கியிருந்தன. யாழ்ப்பாணத்திலோ இவ்வினா வகுப்பறைக்குள்ளும் புகுந்தது. சில பிள்ளைகள் வாங்கிலே இருக்க, தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் நிலத்திலே இருத்தப்பட்ட வழக்கத்தை ஒழிக்குமாறு உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு ஆணை பிறந்தபோது, 1929, 1930 ஆம் ஆண்டுகளிற் சமஆசனத்துக்கு எதிராக எழுந்த கூக்குரல் சிறிதன்று. அதனை எழுப்பியோருட் கற்றவரும் இருந்தனர் என்பது மறைக்கத்தக்கதன்று.

இனி, கப்பலின் பக்கத்தைக் குறித்த மற்றைச் சொல்லை நோக்குவோம். சுக்கான் பின்புறத்து நடுவிலே பொருத்தப்படுவதற்கு முந்திய காலத்தில், கப்பலைத் திருப்புந் துடுப்பு வலப்பக்கத்திலே கட்டப்பட்டிருந்தது. ஆகவே வலப்பக்கம் 'செலுத்தும் பக்கம்' எனப் பெயர் பெற்று, 'ஸ்ராபோட்' என வழங்கிற்று. விண்மீனுக்கும் இதற்கும் யாதொரு தொடர்புமில்லை. துடுப்பு சிதையாதிருக்க இடப்பக்கத்தையே கரையோடு அணைத்துச் சரக்கேற்றினர். அது 'லாபோட்' எனப்பட்டது. புயலிடையே மாலுமிகள் கூவும் கட்டளைகளில் ஸ்ராபோட், லாபோட் என்னும் இரண்டும் ஒன்றுபோல் ஒலித்தமையாற் பெருங்கேடு நேரக்கூடும் என்றஞ்சிய பிரித்தானியக் கடற்படைத் தலைமையகம், 1844 ஆம் ஆண்டில், லாபோட் என்பதை விலக்கித் துறைமுகத்தைக் குறிக்கும் வேறொரு சொல்லை ஆளும்படி ஆணையிட்டது. ஒரு சொல்லின் வாழ்வை அரச ஆணை முடித்துவைத்தமைக்கு இஃது ஓர் அரிய சான்றாகும்.

கப்பலில் ஏறுதல், பகைவர் கப்பலிற் பாய்ந்து கைப்பற்றுதல், கடலுள் வீழ்தல் ஆகிய பொருள்கள் எல்லாம் இப்பக்கச் சொல்லினின்றும் வந்தவையே. விமானத்தில் ஏறுவோர் கையிலே கொடுக்கும் 'போடிங்' சீட்டும் இவ்வழியதே. அதற்கும் பாடசாலைப் போடிங்குக்கும் ஒலியொற்றுமை உண்டேயன்றி உறவில்லை. திட்டமொன்று கைவிடப்பட்டால் அது 'போட்டின் வழியாகப் போயிற்று' என ஆங்கிலேயர் சொல்வர். முறிந்த பாய்மரம் கப்பலின் பக்கத்தால் வீழ்ந்து கடலொடு போவதே அங்கே கருத்து. ஒளிவுமறைவற்ற செயலைப் 'பலகைக்கு மேலே' நிகழ்வது என்றல், கையை மேசைக்குக் கீழே ஒளிக்காமற் சீட்டாடுவதினின்றும் எழுந்தது. குதிரைவண்டியின் முன்புறத்திலே, குளம்படியால் தெறிக்குஞ் சேற்றைத் தடுக்க ஒரு பலகை பொருத்தினர். வண்டி மோட்டார் வண்டியானதும் அவ்விடத்து வேகமானி முதலிய கருவிகள் அமைந்தன. குதிரையும் சேறும் போயின, 'டாஷ்போட்' என்னும் பெயர் நின்றது. இப்பொழுது கணினித் திரையிலே புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் காட்டும் பக்கத்துக்கும் அதுவே பெயர். புத்தக அட்டைக்கும் இச்சொல் வழங்குவது, ஏட்டுச் சுவடியின் இருபுறமும் மரச்சட்டம் வைத்துக் கட்டும் வழக்கத்தை அறிந்தவர்க்கு வியப்பளியாது. ஐரோப்பியக் கையெழுத்துப் பிரதிகளுக்கும் முற்காலத்தில் மரப்பலகையே காப்பு.

மேசை எவ்வாறு அரசாண்டது என்பதே இச்சொல்லின் வரலாற்றில் மிகவும் சிந்திக்கத்தக்க பகுதி. இங்கிலாந்தின் அரசிறைக் கணக்கு முறையை, இரண்டாம் ஹென்றி மன்னன் காலத்திலே, திறைசேரி அதிகாரியாகிய றிச்சாட் விற்ஸ்நீல் வினாவிடையாக ஒரு நூலில் விளக்கியுள்ளார். பத்தடி நீளமும் ஐந்தடி அகலமும் உடைய ஒரு மேசை. அதன்மேற் கோடுகள் இட்ட கரிய துணி. துணிமேற் காசு போன்ற வில்லைகளை வைத்து நகர்த்திக் கணக்கிடுவர். எழுத்தறியாத மாவட்ட அதிகாரியும் தான் செலுத்தியது எவ்வளவு, செலுத்த வேண்டியது எவ்வளவு என்பதைக் கண்ணாற் காணலாம். அத்துணி சதுரங்கப் பலகையை ஒத்திருந்தமையால் அரசின் வருவாய்த் துறைக்கே சதுரங்கப் பலகையின் பெயர் வாய்த்தது. பிரித்தானிய நிதியமைச்சர் அப்பெயரையே தம் பதவிப்பெயரில் இன்றும் தாங்கியிருக்கின்றார். அரண்மனைச் செலவை ஆராய்ந்த அதிகாரிகளின் குழு, தான் இருந்த மேசையின் விரிப்பாற் 'பச்சைத்துணிப் பலகை' எனப்பட்டது. வங்கி என்பது நாணயம் மாற்றுவோர் இருந்த வாங்கினின்றும், பணிமனையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் மேசைமேல் விரித்த முரட்டுத் துணியினின்றும் பிறந்தன. தளபாடங்களின் பெயராலே அதிகாரத்தைச் சுட்டும் இவ்வழக்கம் ஐரோப்பா முழுதும் உள்ளது.

தமிழர்க்கும் இது முற்றிலும் புதிதன்று. மதுரைச் சங்கப் புலவர்க்கு இறைவன் அருளிய சங்கப்பலகையின் கதையைத் திருவிளையாடற் புராணம் கூறும். தகுதியுடைய புலவர் வருந்தோறும் அப்பலகை நீண்டு இடமளிக்கும். திருக்குறள் அரங்கேறியபோது அந்நூலுக்கு மட்டும் இடந்தந்து ஏனையோரைப் பொற்றாமரைக் குளத்தில் வீழ்த்தியது என்றும் வழங்குவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழ்ப்பலகை தானே தகுதியை அளந்தது. ஆங்கிலப் பலகையோ, தன்னைச் சுற்றி யார் வந்திருப்பினும் அவர்க்குத் தன் பெயரைக் கொடுத்தது.

பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மன்னர் ஒரு புதுவழக்கத்தை மேன்மேலும் கைக்கொள்ளலாயினர். பெரும்பதவி ஒன்றைத் தனியொருவர் வகித்தால் அவர் மிகுந்த பலம் பெறக்கூடும். ஆகவே அதனைப் பலருக்குப் பங்கிட்டு அளித்தனர். அப்பலர் கூடுமிடம் ஒரு மேசை. அவர்களுடைய பெயர் போட். 1714 ஆம் ஆண்டுக்குப் பின் இங்கிலாந்திலே பெருந்திறைசேரித் தலைவர் என்று ஒருவர் நியமிக்கப்படவேயில்லை. அப்பதவியைக் குழுவொன்று வகித்து வருகின்றது. அக்குழுவின் முதற்பிரபு என்பதே பிரதம மந்திரியின் பழைய பதவிப்பெயர். டவுனிங் தெரு 10 ஆம் இலக்க வீட்டுக் கதவிலே பொறிக்கப்பட்டுள்ளது அப்பெயரேயன்றிப் பிரதம மந்திரி என்பதன்று.

வர்த்தகத்துக்கும் குடியேற்றங்களுக்கும் மூன்றாம் வில்லியம் 1696 இல் ஒரு போட் அமைத்தார். அது 1782 இல் ஒழிக்கப்பட்டு, 1786 இல் மீண்டும் வேறுவகையில் உருப்பெற்றது. கந்தர்பரி அதிமேற்றிராணியாரும் அதன் உறுப்பினருள் ஒருவர். வாணிகத்தில் அவர்க்கு என்ன பணி என்று வினவுதல் வேண்டா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அச்சபை கூடுவதையே விட்டுவிட்டது. தலைவர் ஒருவரே மந்திரியாக இருந்து எல்லாவற்றையும் நடத்தினார். 1899 ஆம் ஆண்டின் சட்டத்தால் எழுந்த கல்விப் போட்டும் அவ்வாறே. 1944 இல் மந்திரி ஒருவரிடம் அதன் பணி ஒப்படைக்கப்படும்வரை அது ஒருமுறையேனும் கூடியதில்லை என்பர். பலகை மேசையாகி, மேசை மனிதராகி, ஈற்றில் மனிதரும் இல்லாத வெறும் பெயராயிற்று.

இம்முறையின் குறையை முதலில் வன்மையாக எடுத்துரைத்தவர் ஜெரமி பெந்தம். பலர் சேர்ந்து செய்த பிழைக்கு எவரும் பொறுப்பாளியாகார். ஆகவே போட் என்பது பிழை செய்தவரை மறைக்கும் திரையாகும் என்பது அவர் கருத்து. மில் 1861 இல் வெளியிட்ட பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலிலே இதனை எடுத்தாண்டு வலியுறுத்தினார். கேடயமாயிருந்த பலகை மீண்டும் ஒருவகையிற் கேடயமாயிற்று. 1834 ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் அமைந்த பாதுகாவலர் போட்டுகளே டிக்கின்ஸ் காட்டிய மேசைக்கு உரியவை. ஒரு சிறுவனின் உணவைக் குறைத்தவர் யார் என்று கேட்டால் விடை 'போட்' என்பதே. உணவைக் குறிக்கும் சொல்லும் அவ்வுணவை மறுத்த சபையைக் குறிக்கும் சொல்லும் ஒன்றாயிருந்தமை மொழியின் கொடிய விளையாட்டு. அச்சபைகள் 1929 ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழிந்தன.

எனினும் எல்லாப் போட்டும் திரையாகவே இருந்தன எனல் நீதியாகாது. 1870 ஆம் ஆண்டின் ஆரம்பக் கல்விச் சட்டம் ஊர் மக்கள் வாக்களித்துத் தெரியும் பாடசாலைப் போட்டுகளை உண்டாக்கிற்று. பாராளுமன்றத் தேர்தலிற் பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது; பாடசாலைப் போட்டுகளிலோ அவர்கள் தொடக்கத்திலேயே உறுப்புரிமை பெறக்கூடியவராயினர். 1870 இல் இலண்டன் போட்டுக்கு எலிசபெத் கறெற் என்னும் மருத்துவரும் எமிலி டேவிஸ் என்னும் கல்வியாளரும் தெரிவாயினர். விஞ்ஞானி ஹக்ஸ்லியும் அதே மேசையில் இருந்தார்.

ஆங்கிலேயர் தம் ஆட்சியோடு இம்மேசையையும் கடல் கடந்து கொண்டுசென்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வை செய்யப் பிற் என்பார் 1784 இல் ஏற்படுத்திய கட்டுப்பாட்டுப் போட் 1858 வரை நிலவியது. கண்டி இராச்சியம் 1815 இற் பிரித்தானியர் கைப்பட்ட பின், அப்பகுதி ஆணையாளர் போட் ஒன்றினால் 1833 வரை ஆளப்பட்டது. ஆனால் இலங்கையின் அரசியலிலே இச்சொல் பெரும்பொருள் தாங்கி நின்றது 1931 ஆம் ஆண்டிலாகும். டொனமூர் அரசியல் திட்டப்படி அமைந்த அரசாங்க சபை, தெரிவுசெய்யப்பட்டோர் ஐம்பதின்மர், நியமனம் பெற்றோர் எண்மர், அரசாங்க உத்தியோகத்தர் மூவர் எனப் பிரிந்திருந்தது. அது ஏழு நிருவாகக் குழுக்களாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு குழுவும் தெரிந்த தலைவரே மந்திரி. அவ்வேழு மந்திரிமாரும் மூன்று உத்தியோகத்தரும் கூடிய அவைக்கு ஆங்கிலத்திலே 'மந்திரிமார் போட்' என்று பெயரிட்டனர், 'கபினெற்' என்னவில்லை.

தமிழிலே இரண்டையும் மந்திரிசபை என்றே எழுதிவந்தமையால் இவ்வேறுபாடு பலர்க்குப் புலப்படாது போயிற்று. அது சொல்லளவான வேறுபாடன்று. கபினெற்றில் உள்ளோர் ஒரே கொள்கைக்குக் கட்டுப்பட்டு, ஒருவர் செயலுக்கு எல்லோரும் விடையளிக்க வேண்டியவர். போட்டில் இருந்தவரோ வெவ்வேறு குழுக்களின் தலைவர். வரவுசெலவுத் திட்டம் ஒன்றுக்கே கூட்டுப் பொறுப்புடையவர். ஒரு மேசையைச் சுற்றி இருந்தனர், அவ்வளவே. சிறுபான்மையோர் ஒவ்வொரு குழுவிலும் கலந்து ஆட்சியிற் பங்குபெறுவர் என்பது இம்முறையை வகுத்தோரின் எதிர்பார்ப்பு. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரசின் வேண்டுகோளினால் வடபகுதித் தொகுதிகள் நான்கு 1931 இல் உறுப்பினரின்றிக் கிடந்தன. 1934 இலேயே அவை நிரம்பின. 1936 ஆம் ஆண்டுத் தேர்தலின் பின் குழுக்களின் தலைமைத் தெரிவுகள் முடிந்தபோது ஏழு மந்திரிமாரும் சிங்களவராயிருந்தனர். பலகை நீளவில்லை. 1942 இல் அருணாசலம் மகாதேவா உள்நாட்டு மந்திரியாகும்வரை அந்நிலை நீடித்தது. 1947 இற் சோல்பரித் திட்டத்தின்படி கபினெற் வந்தபோது இலங்கையின் மந்திரிமார் அவை போட் என்னும் பெயரை இழந்தது.

அதே நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் வேறொரு போட்டும் இருந்தது. 1923 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்கு அப்பெயர் நீண்டதாயிருந்தமையாலோ என்னவோ, மக்கள் அதனை 'இந்து போட்' என்றே வழங்கினர். சைவப் பிள்ளைகளுக்குச் சைவச் சூழலிற் கல்வி தரும் பொருட்டு ஊர்தோறும் அது பாடசாலைகளைத் தாபித்தும் ஏற்றும் நடத்தியது. 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிபெறும் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமானபோது அதன் முதற்பெரும் பணி முடிவுற்றது. அதனை நிறுவி நடத்திய நியாயவாதி இராசரத்தினம் அவர்களை 'இந்து போட் இராசரத்தினம்' என்றே யாழ்ப்பாணத்தார் அழைத்தனர். ஒலிவர் கண்ட போட்டுக்கு முகமில்லை. இங்கே ஊரார் போட்டைக் கேட்டவுடன் ஒரு மனிதரின் முகத்தை நினைத்தனர். பாடசாலைக்குக் கூரை வேய வேண்டுமாயினும், ஆசிரியரின் சம்பளம் தாமதிப்பினும், யாரிடம் போய்க் கேட்பது என்பதை அறிந்திருந்தனர்.